வகுப்பறையில் தினசரி ஒரே நடைமுறை ஏன் வேண்டும்?

நோட்டு எடுப்பது, வீட்டுப்பாடம் கொடுப்பது, தண்ணீர் குடிக்கப் போவது போன்றவற்றைத் தினமும் ஒரே முறையில் செய்வதுதான் வகுப்பறை நடைமுறை. அடுத்து என்ன என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பெரியவர்களாலேயே ஒரே நேரத்தில் ஏறக்குறைய 4 விஷயங்களைத்தான் மனத்தில் பிடித்துவைக்க முடியும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. "எந்த நோட்டு, எங்கே வைப்பது?" என்பதே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு எது மிஞ்சும்? நம் வீட்டுச் சமையலறையில் கடுகு டப்பாவுக்குக் கை தானாகப் போகிறது. அடுத்தவர் வீட்டில் ரசம் தாளிப்பதற்குள் தடுமாறிவிடுகிறோம். அதே கதைதான்.

40 பேர் வகுப்பில் நோட்டு வாங்குவதைப் பாருங்கள். திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்து, கடைசி பெஞ்சிலிருந்து முன்னோக்கிக் கடத்தினால் ஒரு நிமிடத்தில் முடியும். ஆளாளுக்கு மேசைக்கு ஓடி வந்தால் நாலைந்து நிமிடம் போய்விடும். இப்படி நாளுக்கு 12 நிமிடம் மிச்சமானாலே 200 நாளில் 40 மணி நேரம்!

சொன்னால் மட்டும் பழகாது. செய்து காட்டி, பிள்ளைகளைச் செய்யவைத்து, தவறினால் கோபப்படாமல் மறுபடி செய்யவைக்க வேண்டும். முதல் வாரமே ஆறேழு விதிகளைத் திணித்தால் எதுவுமே நிலைக்காமல் போகலாம். ஒன்று பழகிய பிறகு அடுத்தது. நீண்ட விடுமுறைக்குப் பின் திரும்ப ஒருமுறை பழக்குங்கள்.

நடைமுறை என்றாலே ராணுவக் கட்டுப்பாடு, பாடம் சலித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாமல் இருப்பது நோட்டு கடத்தும் விதம்தான், பாடம் தினமும் புதிதாக இருக்கலாம்.