எட்டாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் 38 பேர். கட்டுரை என்றால் உரைநூலைப் பார்த்து எழுதுகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் நான்கு வரியைத் தாண்டுவதில்லை. வகுப்புக்கென ஒரு வலைப்பூ தொடங்கினால் வாசிப்பும் எழுத்தும் வளருமா? அதை எப்படி நடத்துவது?

பதில்: வளரும், ஆனால் கணினியால் அன்று, வாசகரால். கட்டுரை ஏட்டைப் படிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதும், நீங்களும் திருத்துவதற்காகவே படிக்கிறீர்கள் என்பதும் மாணவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவேதான் சிவப்பு மைக்கு இடம் தராத, ஏற்கெனவே அச்சேறிய வரிகளை அவர் நாடுகிறார். 1920களில் பிரான்சின் தென்பகுதிக் கிராமமொன்றில் ஆசிரியராக இருந்த செலெஸ்தென் ஃபிரெனே, வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். மாணவர்கள் எழுதியதை அவர்களையே அச்சுக் கோக்கச் செய்து, அதே நாட்டின் வடமேற்கிலுள்ள பிரித்தானி (Brittany) கடற்கரைப் பகுதியிலிருந்த ஒரு பள்ளியுடன் பரிமாறிக்கொண்டார். நீங்கள் செய்யப்போவதும் ஏறத்தாழ அதுவே.

முதல் இரண்டு வாரங்கள் கணினியைத் தொடவே வேண்டாம். ஒருவர் எழுதிய தாளை இன்னொருவர் படித்துப் பின்னூட்டம் எழுதட்டும். ‘அருமை’, ‘சூப்பர்’ இரண்டுக்கும் தடை விதியுங்கள். பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால்தான் அது பின்னூட்டம். “எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா சிறப்பாக நடந்தது” என்று எழுதியவரிடம், “உங்கள் தெருவுக்குத் தேர் வந்ததா? வடம் பிடித்தவர்கள் யார்?” என்று தோழி கேட்டால், விடை சொல்வதற்காகவேனும் அவர் இன்னும் ஐந்து வரி எழுதியாக வேண்டும். அந்த ஐந்து வரிகளும் எந்த உரைநூலிலும் இருக்க முடியாது. கேள்வி கேட்டவரும் ஊன்றிப் படிக்காமல் கேட்டிருக்க முடியாது என்பதால், வாசிப்புப் பயிற்சியும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், பதிவைவிடப் பின்னூட்டத்துக்கே அதிக மதிப்பெண் தருவேன்.

தலைப்புகள் மாணவர் நேரில் அறிந்தவையாக இருக்கட்டும்: மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் முறை, பூ கட்டும் அம்மாவின் கைவேகம், நூலகத்திலிருந்து எடுத்துப் பாதியில் வைத்துவிட்ட புத்தகமும் அதற்கான காரணமும்.

கணினிக்கு வரும்போது வாரத்துக்கு எட்டுப் பேர் மட்டும் பதிவேற்றினால், ஐந்து வாரங்களில் ஒரு சுற்று முடியும். பின்னூட்டம் எல்லோரும் எழுதலாம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். அதில் ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும், ஆங்கில எழுத்துகளின் வழியாகத் தமிழை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் நேராது. குரல்வழித் தட்டச்சை முதல் பருவத்தில் அனுமதிக்காதீர்கள். ல, ள, ழ வேறுபாட்டைக் கருவி முடிவு செய்துவிட்டால் மாணவர் எப்போது கற்பது?

எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முற்படுவதும் வேண்டாம். இந்த வாரம் ஒற்றுப்பிழை, அடுத்த வாரம் ஒருமை பன்மை மயக்கம் என வைத்துக்கொண்டு, பிழையுள்ள வரியை மட்டும் சுட்டிக்காட்டி, அவரையே திருத்தச் செய்த பிறகு வெளியிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதோரைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. எனவே வலைப்பூ உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். மாணவர்கள் புனைபெயரில் எழுதட்டும். ஒளிப்படமும் பள்ளியின் பெயரும் வேண்டாம். பின்னூட்டங்கள் நீங்கள் பார்த்த பிறகே வெளிவரட்டும். தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வலைப்பூவுக்குப் பெயர் தேடுவதற்கு முன், வேறு மாவட்டத்தில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் பேசி, அவருடைய வகுப்பு மாதம் இருமுறை உங்கள் மாணவரின் பதிவுகளைப் படித்துக் கேள்வி கேட்க இசைவு பெறுங்கள். உங்கள் ஊரை அறியாத அந்தக் குழந்தைகளுக்குத்தான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.