ஆறு மாத ‘பார்மசி டெக்னீசியன்’ டிப்ளோமாவுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் ‘எஸ்’ எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் ‘பார்மசி டெக்னீசியன் டிப்ளோமா’ தருகிறதாம். முடித்தால் அரச ஆஸ்பத்திரியில் வேலை எடுக்கலாம், கனடாவுக்கும் போகலாம் என்று அவர்களுடைய ஆள் வீட்டுக்கே வந்து சொல்கிறார். 180,000 ரூபா கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: கட்டாதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த ஆள் மறுபடியும் வந்தால், “இதை முடித்தால் பிள்ளை இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதியலாமா?” என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் கடிதமாகத் தரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மருந்தாளர் என்று தொழில் செய்ய இங்கே தேவைப்படுவது மருத்துவ சபையின் பதிவு. மருந்தகம் நடத்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனாலும் பதிவு பெற்ற மருந்தாளரின் பெயரைத்தான் கேட்பார்கள். ‘டெக்னீசியன்’ இங்கிலாந்திலும் கனடாவிலும் உள்ள பதவி. ஒன்ராறியோவில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே பரீட்சை எழுதி மாகாண ஒழுங்குமுறைச் சபையில் பதிய வேண்டும். வவுனியாவில் ஆறு மாதம் படித்த தாளைக் காட்டி அங்கே அந்த வேலையில் சேர முடியாது. அரச ஆஸ்பத்திரி வேலைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், பயிற்சிக்கு ஆளெடுப்பது சுகாதார அமைச்சு. இடையில் எந்த நிறுவனத்துக்கும் கோட்டா கிடையாது.

‘அரச அங்கீகாரம்’ என்று ஒரு தாளைக் காட்டியிருப்பார்களே, அதையும் கவனியுங்கள். கம்பனியாகப் பதிவது ஒன்று. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது இன்னொன்று. அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்குத் தரச்சான்று பெறுவது மூன்றாவது. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது இருப்பதுபோல் பேசுகிறவர்களால் எத்தனை குடும்பங்கள் காசை இழந்திருக்கின்றன! யுத்தத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒரு காப்பு, ஒரு சங்கிலி என்று மறுபடி சேர்த்த சனத்திடம் இப்படிப் பறிப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

சரி, பிள்ளைக்கு வழி இல்லையா? இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையில் (Ceylon Medical College Council) பயிலுநராகப் பதிந்து, இரண்டு வருடம் பயிற்சி முடித்து, அந்தச் சபை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து, பிறகு மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதிவதுதான் அது. விஞ்ஞானப் பிரிவில் இரசாயனவியலும் சித்தி என்பது நல்ல தொடக்கம். விண்ணப்பிக்கும் நேரத்தில் என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதைக் கல்லூரிச் சபையின் அறிவித்தலிலேயே பாருங்கள், வேறு யார் வாயாலும் கேட்காதீர்கள். முதலில் பதிவு, பிறகுதான் வேலை. “இப்போது வந்து நில்லு, பதிவைப் பிறகு பார்ப்போம்” என்கிற முதலாளியை நம்பினால் பிள்ளை குறைந்த சம்பளத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காலம் பயிற்சிக் கணக்கில் வராது.

எந்தக் கடை என்பதுதான் பெரிய விஷயம். சில கடைகளில் சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். மாதாமாதம் சான்றிதழுக்கு வாடகை போகும். அங்கே யாரிடம் பழகுவது? காலையிலும் மாலையிலும் இரண்டு தரம் போய்ப் பாருங்கள். சான்றிதழில் உள்ள பெயருக்குரியவர் கவுண்டரில் நிற்கிறாரா? இன்சுலின் வைக்கும் பிரிட்ஜில் வெப்பமானி இருக்கிறதா? இரண்டிலிருந்து எட்டு பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எங்கள் வெயிலில் கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். நல்ல மருந்தாளர் வைத்தியரின் துண்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மெட்போமின் சீனி வருத்தத்துக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. அவசர எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். மாறிப் போனால் நோயாளிதான் அனுபவிப்பார். அந்தக் கண் கவுண்டரில் நின்றுதான் வரும்.

தனியார் வகுப்பு எல்லாமே வீண் என்று சொல்லவரவில்லை. பயிலுநராகப் பதிந்து, கடையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, கல்லூரிச் சபையின் பரீட்சைக்காக மாலையிலோ வார இறுதியிலோ வகுப்புக்குப் போவது நல்லதுதான். மருந்தியலும் மருந்துச் சட்டமும் தனியே வாசித்து விளங்கிக்கொள்ளக் கஷ்டம். ஆனால் பதிவு செய்து பயிற்சி நடந்துகொண்டிருந்தால் மட்டும். வகுப்பு நடத்துபவர் “பயிற்சியையும் நாங்களே காட்டிக் கையெழுத்து வாங்கித் தருகிறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்க் கையெழுத்தில் போன இரண்டு வருடத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். வகுப்புக் காசையும் மாதாமாதம் கட்டுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

வன்னியில் பயிற்றுவிக்கும் மருந்தாளர் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஒரு படிவத்துக்கும் ஒரு கையெழுத்துக்கும் கொழும்பு வரை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாதத்தில் ஒரு நாள் ஓர் அதிகாரியை இருத்தி இந்த விண்ணப்பங்களைப் பார்க்க அரசாங்கத்துக்கு என்ன தடை? பிள்ளைகளுக்கு நேர்வழியைக் கடினமாக்கி வைத்தால் தரகர்தான் வாசலுக்கு வருவார்.

முல்லைத்தீவில் உள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய், உணவு மருந்துப் பரிசோதகரைச் சந்தியுங்கள். மருந்தகங்களைப் போய்ப் பார்க்கிறவர் அவர், மருந்தாளர் உண்மையிலேயே நிற்கிற கடை எது என்பது அவருக்குத் தெரியும். பெறுபேற்றுத் தாளும் பிறப்புச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும்.