மதில், அச்சாரம், முறிந்த மரம்: சட்டக் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதி "அவரில வழக்குப் போடலாமோ?" என்றுதான் தொடங்குகின்றன. நான் முதலில் பார்ப்பது வேறு. அந்த ஆள் உங்களுக்கு வாக்குத் தந்தவரா, இல்லை வாக்கு எதுவும் தராமலே கவனமாக இருந்திருக்க வேண்டியவரா? முதலாவது ஒப்பந்தம், மற்றது கவனயீனம். இரண்டுக்கும் வழக்குப் போட வேண்டிய காலக்கெடுவும் வேறு.

கோண்டாவிலில் இருந்து: அண்ணை, மதில் கட்ட மேசனுக்கு இரண்டு லட்சம் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றுமில்லை. அத்திவாரத்தோடு ஆளைக் காணோம். எழுதாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்கிறார்கள் அயலில்.

அயலில் சொல்வது பிழை தம்பி. எங்கள் இலங்கை ஒப்பந்தச் சட்டத்துக்கு அடி, ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டம், அதில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், கஷ்டம் நிரூபிப்பதில். வங்கியில் காசு போட்ட துண்டு, "நாளைக்குக் கல்லு இறக்கிறன்" என்று அவர் அனுப்பிய வட்ஸ்அப், பேசும்போது பக்கத்தில் நின்ற மைத்துனர், எல்லாம் சாட்சியம். போன் மாற்றும்போது அந்த வட்ஸ்அப் போய்விடாமல் பாருங்கள். வேறு மேசனைப் பிடிக்க முன் அத்திவாரத்தை அளந்து படம் எடுத்து, மிச்ச வேலைக்கு எவ்வளவு முடியும் என்று எழுத்தில் விலை வாங்கி வையுங்கள், நட்டஈட்டுக் கணக்கு அதை வைத்துத்தான் வரும். அவர் செய்த வேலைக்கான காசு கழிபடும், அதில் கோபப்பட்டுப் பயனில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் வாக்கு மீறிய நாளில் இருந்து 3 வருடம், எழுதியது என்றால் 6.

மானிப்பாய்: காணி வாங்க வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி அச்சாரம் கொடுத்தோம். இப்போது வேறு ஆளுக்கு விற்கப் போகிறாராம்.

காணி என்றால் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி ஒப்பந்தம் செல்லாது, முத்திரை ஒட்டினாலும்தான். காணியைத் தா என்று கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு அந்தத் தாள் உதவும்.

சட்டம் படிக்கும் தங்கச்சி ஒருவர்: சோடாப் போத்தலுக்குள் நத்தை கிடந்த வழக்கு எங்களுக்கு எதற்கு?

1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் அந்தப் பானத்தைக் காசு கொடுத்து வாங்கியது, குடித்துவிட்டுத் தயாரித்தவர்மேல் வழக்குப் போட்டவர் இல்லை, அவருடைய சிநேகிதி. ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் தயாரித்தவருக்குக் கடமை உண்டு என்று 1932இல், பிரித்தானியாவின் அன்றைய மேல் நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொன்னதுதான் விசயம். எங்கள் கவனயீனச் சட்டம் உரோமன் டச்சு வழியில் வந்தது, ஆனாலும் அந்தத் தீர்ப்பு இங்கேயும் பேசப்படுகிறது. பரீட்சைக்கு இன்னொன்று: ஆங்கிலச் சட்டம்போல 'கைம்மாறு', அதாவது வாக்குக்குப் பதிலாக மற்றவர் தருவது, இருந்தால்தான் ஒப்பந்தம் என்று எழுதிவிடாதீர்கள், இங்கே வாக்குத் தந்ததற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும்.

சுன்னாகம்: மண்டபத்தில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் கால் முறிந்தது. "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை தொங்குகிறதே?

தொங்கட்டும். 1997இன் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. தங்கள் கவனயீனத்தால் வந்த காயத்துக்கு அப்படிப் பலகை போட்டுத் தப்ப முடியாது. ஆனால் தரை ஏன் ஈரமாக இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

நல்லூர்: பக்கத்து வளவுத் தென்னை விழுந்து என் ஓட்டோ நசுங்கியது. காற்றுக்கு விழுந்தது, நான் என்ன செய்ய என்கிறார்.

நல்ல மரம் புயலுக்கு விழுந்தால் அவர் சொல்வது சரி. அடி உக்கி வேலிப் பக்கம் சரிந்து நின்றதா, வெட்டச் சொல்லி முன்பு கேட்டீர்களா, அதை யாராவது கேட்டுக்கொண்டு நின்றார்களா? அதில்தான் உங்கள் வழக்கு நிற்கும். விறகுக்காரன் கொண்டுபோக முன் அடிக்கட்டையைப் படம் எடுங்கள், கிராம சேவையாளரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். சரிந்த மரம் என்று தெரிந்தே நீங்களும் அதன் கீழ் ஓட்டோவை விட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவனயீனத்தையும் கணக்கில் எடுக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பங்குக்கு நட்டஈடு குறையும், முழுதாகப் போகாது. வாக்கு எதுவும் இல்லாத விசயம் இது, ஆகவே காலக்கெடு 2 வருடம்தான். முறையாக ஒரு கோரிக்கைக் கடிதத்தைச் சட்டத்தரணி மூலம் இப்போதே அனுப்பி விடுங்கள்.