சாப்பிட்டதும் நாய் கக்கிவிடுகிறது. செரிமானக் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், அது எதுக்களிப்பா வாந்தியா என்று பாருங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில், வயிறு எக்காமல், தலையைத் தாழ்த்தியதும் சாப்பாடு அப்படியே வழுக்கி விழுந்தால் எதுக்களிப்பு. பெரும்பாலும் உணவு இரைப்பைக்கே போயிருக்காது. அவசரமாக விழுங்கும் நாய்களுக்கு எப்போதாவது இப்படி ஆகும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். அடிக்கடி நடந்தால் உணவுக்குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

வாந்தி என்றால் அதற்கு முன்பே எச்சில் ஒழுகும், உதட்டை நக்கும், பிறகு வயிறு எக்கி எக்கித் தள்ளும். பாதி செரித்த உணவோ மஞ்சள் பித்தமோ வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மட்டும் மஞ்சள் நுரை கக்கிவிட்டு, மற்றபடி துறுதுறுவென்று இருந்தால், இரவு படுக்கும் முன் கொஞ்சம் சாப்பாடு கொடுத்துப் பாருங்கள்; பல நாய்களுக்கு அதிலேயே நின்றுவிடும். பிரியாணி, வறுவல் மிச்சம் போட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் அழுத்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் கணைய அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த மிச்சத்தில் இருக்கும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தயவுசெய்து போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஓங்கரித்தும் எதுவும் வராமல் இருப்பது. கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்வதுண்டு. வயிறு முரசுபோல் இறுகும், நிலைகொள்ளாமல் நடக்கும், ஈறு வெளுக்கும். ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். 2 வினாடிக்குள் நிறம் திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. நிறம் சரியாகத் திரும்பினாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காதீர்கள். ஓமத் தண்ணீர், சோடா என்று வீட்டில் நேரத்தைக் கடத்தினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள்.

மலத்தையும் கவனியுங்கள். சளியும் சிவப்பு ரத்தமுமாக அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கோளாறு பெருங்குடலில். தார்போல் கறுப்பாகப் போனால் மேலே இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியோடு, கெட்ட நாற்றமுள்ள ரத்தக் கழிச்சலும் போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வளர்ந்த நாய், ஓரிரு முறை மட்டும் வாந்தி, மற்றபடி சுறுசுறுப்பு என்றால், சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு தோல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு. உப்பு, மசாலா வேண்டாம். பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாதிரி மனிதர் மாத்திரைகள் கூடவே கூடாது. ஒரு நாளில் சரியாகவில்லை என்றாலோ, தண்ணீரும் தங்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் போங்கள். கக்கும்போது போனில் எடுத்த வீடியோ, மலத்தின் படம், கடைசியாகச் சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு என்ற விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும்.