உதட்டில் ஃபில்லர் போட்டு மூன்றாம் நாள்: எது தானாக வடியும், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்?

கேள்வி: மூன்று நாள் முன்பு உதட்டிலும், மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பிலும் ஃபில்லர் (சதையை நிரப்பிப் புடைப்பாக்கும் ஜெல்) ஊசி போட்டுக்கொண்டேன். ஹயலூரானிக் அமிலம் என்றார்கள். மேலுதட்டின் இடப்பக்கம் அதிகமாக வீங்கியிருக்கிறது. நாக்கால் தடவினால் உள்ளே சின்ன உருண்டை தட்டுப்படுகிறது. வாயோரத்தில் நீலமாகக் கன்றியிருக்கிறது. வலி குறைந்துவிட்டது. மாமியார் மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார். தோழி அழுத்தித் தேய்த்தால் கரையும் என்கிறாள். இன்னும் பத்து நாளில் தங்கை கல்யாணம். என்ன செய்யட்டும்? (வாசகி, வயது 34)

பதில்: முதலில் ஒரு காரியம் செய்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். கண்ணாடியோடு நல்ல வெளிச்சத்தில் நின்று, வீங்கிய இடத்தை விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். வெளுத்த தோல் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மறுபக்கத்திலும் அழுத்தி ஒப்பிடுங்கள். நம் மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது. அதனால் உதட்டை மடக்கி உட்புறத்தையும் ஈறையும் பாருங்கள். மூக்கு மடலையும் பாருங்கள். நீங்கள் ஊசி போட்ட மடிப்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய்தான் அங்கேயும் போகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபில்லரால் வரும் தொல்லைகளில் நான் உண்மையிலேயே பயப்படுவது, ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதற்குத்தான். அப்படி ஆனால் அந்த இடத்துத் தோல் வெளுக்கும், அல்லது வலை பின்னியது போலத் திட்டுத்திட்டாக நிறம் மாறும். தொட்டால் சில்லென்று இருக்கும். வலி நேரம் ஆக ஆகக் கூடும். பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ தெரிந்துவிடும், சிலருக்கு ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படும். பல ஃபில்லர்களில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தும் கலந்திருக்கும். அதனால் முதல் சில மணி நேரம் வலி இல்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது, நிறத்தையும் பார்க்க வேண்டும். இந்த அறிகுறி எது தென்பட்டாலும் ஐஸ் வைக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஹயலூரானிடேஸ் என்ற ஊசி அந்த ஜெல்லைக் கரைத்துவிடும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவுக்குத் தோல் பிழைக்கும். பார்வை மங்கினாலோ கண்ணில் கடும் வலி வந்தாலோ இமை தொங்கினாலோ, கண் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த நிமிடமே போக வேண்டும்.

சரி, நிறம் ஒழுங்காகத் திரும்புகிறது, வலியும் குறைந்துவருகிறது என்றால் மூச்சு விடலாம். நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் வழக்கமாக நடப்பதுதான். ஹயலூரானிக் அமிலம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், உதடோ தளர்வான சதை. அதனால் முதல் ஒன்றிரண்டு நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், காலையில் எழுந்ததும் இன்னும் பெரிதாகத் தெரியும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு பக்கம் கூடுதலாக வீங்குவதும் சகஜம். உண்மையான வடிவம் இரண்டு வாரத்தில்தான் தெரியும் என்பதால், சமப்படுத்த மறுபக்கம் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று இப்போது யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த உருண்டையும் அப்படித்தான், ஜெல் திசுவோடு படிய நேரம் எடுக்கும். ஊசி போட்ட மருத்துவரே சொல்லிக்கொடுத்திருந்தால் தவிர, தேய்க்கவே தேய்க்காதீர்கள். கன்றலும் வீக்கமும் கூடும், ஜெல் இடம் மாறவும் செய்யும். சிவந்து, சூடாகி, விண்விண்ணென்று தெறித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அது தொற்று. வாரங்களோ மாதங்களோ கழித்து, ஒரு சளிக்காய்ச்சலுக்கோ பல் தொந்தரவுக்கோ பிறகு புதிதாகக் கட்டி எழுந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உதட்டில் கொப்புளம் வரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஊசிக்குப் பிறகு அது திரும்ப வரலாம். எரிச்சல் தொடங்கும்போதே கேட்டால் வைரஸ் மருந்து கொடுப்பார்கள்.

மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆனால் மஞ்சள் பற்று வேண்டாம். ஊசி குத்திய தோலில் சுத்தம் செய்யாத எதையும் அப்பக் கூடாது. அதோடு மஞ்சள் சாயம் ஏறிவிட்டால், சிவப்பையும் வெளுப்பையும் நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது.

வலி இருந்தால் பாரசிட்டமால் போதும். இபுப்ரோஃபேனும் ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், கன்றல் பெரிதாகும். இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் என்றால் மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பது முதல் இரண்டு நாளுக்கு நன்றாக உதவும், இனி அதனால் பெரிய பலன் இருக்காது. இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். கல்யாண அவசரத்தில் பார்லர் பக்கம் போய்விடாதீர்கள்: மேலுதடு த்ரெடிங், ஃபேஷியல், ஆவி பிடிப்பது எல்லாம் ஊசி போட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்துத்தான். பல் சுத்தம் செய்வதும் அதுவரை காத்திருக்கட்டும்.

கன்றல் நீலத்திலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் போய்விடும். வெயில் பட்டால் நம் தோலில் பழுப்புத் தழும்பாகத் தங்கிவிடக்கூடும், சன்ஸ்கிரீனை விடாதீர்கள். கல்யாணத்தன்று ஊசி போட்டுப் பதின்மூன்று நாள் ஆகியிருக்கும். மிச்ச நிறத்தை ஆரஞ்சு சாயல் கன்சீலர் மறைத்துவிடும். பிரஷ் மட்டும் கழுவியதாக, உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்து ஃபில்லரின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஹயலூரானிக் அமிலத்தைத்தான் ஹயலூரானிடேஸ் ஊசி கரைக்கும், கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் போன்ற மற்ற ஃபில்லர்களைக் கரைக்காது. அந்த ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் யாரும் உதட்டில் ஊசி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இல்லை என்று சொன்னால், அது வைத்திருக்கும் தோல் மருத்துவர் பக்கத்தில் யார் என்று இப்போதே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.