போயா தினத்தில் ஒருநாள் தியானம்

கேள்வி: நான் சைவன், வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலியும் நீரிழிவும் உண்டு. சிங்கள நண்பர் ஒருவர், அடுத்த போயா (முழுநிலா) தினத்தன்று தம் ஊர் விகாரையில் நாள் முழுவதும் நடைபெறும் தியானத்துக்கு அழைக்கிறார். நான் போகலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகப் போகலாம். பிக்கு ஒருவர் பாலி மொழியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, வெள்ளை உடுத்தி வந்திருப்போர் அதைத் திருப்பிச் சொல்லி, புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்து, சீலங்கள் எனப்படும் எட்டு ஒழுக்க விதிகளை ஏற்பதோடு நாள் தொடங்கும். சரணம் சொல்ல உங்கள் மனம் இசையாவிட்டால், கைகூப்பி அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும். சீலங்களில் தயங்குவதற்கு எதுவுமில்லை என்பதே என் கருத்து. கொல்லாமையும் கள்ளாமையும் பொய்யாமையும் கள்ளுண்ணாமையும் நீங்கள் வளர்ந்த நெறி முன்பே கற்பித்தவை. பிரமசரியம், நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரங்களைத் தவிர்த்தல், உயர்ந்த சொகுசான இருக்கை படுக்கைகளைத் தவிர்த்தல் ஆகியவை அன்றைய நாளுக்காகச் சேர்பவை.

இந்த நண்பகல் விதியில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவு நேரத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டேயாக வேண்டும். மருந்து உட்கொள்வதைச் சீலம் தடுப்பதில்லை. மருத்துவர் உண்ணாமை கூடாது என்றால் முன்சொன்ன முதல் நான்கோடு தவறான பாலுறவைத் தவிர்த்தலும் சேர்ந்த ஐந்து சீலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு தியானத்தில் கலந்துகொள்ளலாம். அதனால் உங்கள் பயிற்சி எவ்விதத்திலும் குறைந்துவிடாது.

முழங்கால் வலிக்காக அஞ்ச வேண்டாம். சாதாரண நாற்காலியில் அமர்வது சொகுசு இருக்கை பற்றிய விதியை மீறுவதாகாது. கஹடபிட்டியே சுமதிபால தேரர் 1956இல் நிறுவிய கந்துபொட தியான நிலையத்தின் வழியாக, பர்மிய பிக்கு மகாசி சயாடோ கற்பித்த தியான முறை இலங்கையில் நன்கு வேரூன்றியது. உங்கள் விகாரையிலும் அதையே கற்பித்தால், மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொல்வார்கள். வலி மேலோங்கும்போது வயிற்றை விட்டு வலியையே கவனிக்க வேண்டும்: அது குத்துகிறதா, எரிகிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்து, தாங்க முடியாதபோது, மாற்ற எண்ணும் எண்ணத்தையும் காலை மெதுவாக நகர்த்தும் அசைவையும் அறிந்தபடியே இருக்கையை மாற்றலாம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை இம்முறை கேட்பதில்லை.

சிங்களத்தில் சக்மன் எனப்படும் நடைத் தியானத்தை ஓய்வு நேரமாகக் கருதிவிடாதீர்கள். பாதத்தைத் தூக்குவது, முன்னே நகர்த்துவது, தரையில் வைப்பது என ஒவ்வோர் அசைவையும் அறிந்து நடக்கும்போதுதான், உட்கார்ந்த நிலையில் அலைந்த மனம் பிடிகொடுக்கத் தொடங்குவதைப் புதியவர்கள் பெரும்பாலும் உணர்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் வரும் உறக்கத்துக்கும் அதுவே நல்ல மருந்து.

பிக்குவைவிடத் தாழ்ந்த இடத்தில் அமருங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். கட்டணம் பெரும்பாலும் இராது. விரும்பினால் உண்டியலில் இடலாம். அறிவுரைகள் சிங்களத்திலேயே இருக்கக்கூடும் என்பதால், தியானம் தொடங்குமுன்பே முறையை விளக்கும்படி நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தியானம் தொடங்கிய பின் அவரும் உங்களைப் போல மௌனத்தில் இருப்பார்.