யெஸ் மினிஸ்டர் முதல் பகுதியில் மட்டும் வேறு இசை

முதல் பகுதியில் மட்டும் வேறு இசை வருகிறதே, வட்டில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வட்டில் கோளாறு இல்லை. யெஸ் மினிஸ்டர் என்ற பிரிட்டிஷ் அரசியல் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதிக்கு முகப்பிசையே வேறு. "மணியோசை மெட்டு வரவில்லை, ஏதோ பேண்டு வாத்தியம் துள்ளலாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் அசல்.

1979-இல் அந்தப் பகுதி தயாரானபோது முகப்புப் படங்களும் இசையும் இறுதியாகியிருக்கவில்லை. ஓவியர் ஜெரால்டு ஸ்கார்ஃபின் நீண்ட மூக்குக் கேலிச்சித்திரங்களும் இசையமைப்பாளர் ரானி ஹேசல்ஹர்ஸ்டின் இசையும் அடுத்த பகுதியில்தான் வருகின்றன. முதல் பகுதியின் முகப்பிலும் நடிகர்களின் ஓவியங்கள் உண்டு, ஆனால் அவ்வளவு மிகைப்படுத்தல் கிடையாது.

சரிபார்க்க, இரண்டாம் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள். அப்புறம் லண்டன் பிக் பென் கடிகாரம் முழுமணிக்கு அடிக்கும் பதிவு ஒன்றைப் போடுங்கள். நான்கு நான்காகப் பதினாறு சுரங்கள், அதன் பிறகே மணி எண்ணிக்கை. அந்தச் சுரங்களைத்தான் ஹேசல்ஹர்ஸ்ட் எடுத்துப் பின்னியிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த இடம்: அமைச்சர் ஜிம் ஹாக்கர் என்னதான் திட்டம் போட்டாலும், அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ப்ரியின் அலுவலகம் அந்தக் கடிகாரத்தைப் போலத் தன் கதியிலேயே ஓடுகிறது. வசனம் தொடங்கும் முன்பே இசை அதைச் சொல்லிவிடுகிறது.

ஒன்று கவனியுங்கள். இணையத்தில் ஏற்றப்பட்ட பிரதிகளை வைத்து ஒப்பிட வேண்டாம், முகப்பை வெட்டி ஒட்டியவையும் இருக்கலாம். இரண்டாம் பகுதியிலும் உங்கள் வட்டில் பேண்டு இசையே வந்தால் மட்டும் வட்டைச் சந்தேகப்படுங்கள்.